சோலைக்கிளியின் எல்லை

ஒரு பறவை எந்த மலையில் இருக்கிறது, எந்த மலையில் இல்லை என்று விசாரிப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மவரில் பலர் எண்ணக்கூடும். அரிசி விலையும் அரசியல் சச்சரவும் நாள்தோறும் நம்மை நெருக்கிக்கொண்டிருக்கையில், கைக்குள் அடங்கும் ஒரு குருவியின் இருப்பிடத்தைப் பற்றித் தினப் பத்திரிகை பத்தி பத்தியாக எழுதுவானேன் என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு நமது விடை சுருக்கமானது. எல்லை தெரியாத நிலத்துக்கு வழக்காடி வென்றவர் எவரும் இல்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறியாதவர் அதைக் காப்பாற்ற முடியாது. அது களவு போனதைக்கூட அவர் அறிய மாட்டார். நமது மலையுச்சிகளில் வாழும் சோலைக்கிளியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

சோலை என்னும் சொல் சமவெளியில் உள்ளவர்களுக்கு நந்தவனத்தையும் மாந்தோப்பையும் நினைவூட்டும். நீலகிரி, ஆனைமலை, பழனிமலைவாசிகளுக்கோ அது ஒரு தனிப்பட்ட காட்டின் பெயர். உயர்ந்த மலைகளின் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும், காற்றுக்கு ஒதுங்கிய பள்ளங்களில், குட்டையான மரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று, கிளைதோறும் பாசி போர்த்து, பகலிலும் இருண்டு கிடக்கும் காடு அது. அதைச் சுற்றிலும் மேடுகளில் புல்வெளி பரந்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பச்சைக் கடலில் கரும்பச்சைத் தீவுகள் மிதப்பது போல் தோன்றும். சோலையும் புல்வெளியும் சேர்ந்ததே மலையின் இயற்கை. ஒன்றைச் செல்வமென்றும் மற்றொன்றைத் தரிசென்றும் பிரித்தது மனிதனின் கணக்கு.

இக்காட்டின் நிழலில், நிலத்தை ஒட்டிய புதர்களில், சோலைக்கிளி வசிக்கிறது. கிளி என்ற பெயரைக் கேட்டுப் பச்சைச் சிறகையும் வளைந்த மூக்கையும் நேயர்கள் எண்ண வேண்டாம். மலையாளத்தில் கிளி என்பது சிறு பறவைகள் பலவற்றுக்கும் வழங்கும் சொல். இங்கே அது அப்பொருளிலேயே வந்திருக்கிறது. சோலைக்கிளி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சாம்பல் கலந்த நீல நிறம், வயிறு வெளுப்பு. காலையிலும் மாலையிலும் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி புழுக்களைத் தேடித் தின்னும். மரப்பொந்திலோ ஓடைக்கரையின் குழியிலோ பாசியினால் கூடு கட்டும். வெயில் படும் திறந்த வெளியை அது விரும்புவதில்லை. ஆளரவம் கேட்டால் பறந்து உயர்வதைவிடப் புதருக்குள் மறைவதையே அது பெரும்பாலும் செய்யும். சோலைக்குள் சென்றவர்களில் பத்துப் பேர் அதன் பாட்டைக் கேட்டிருந்தால், கண்ணால் கண்டவர் இருவர் இருப்பதே அரிது.

பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கு அதிகமான உயரத்திலேயே இப்பறவை வாழ்கிறது. குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கி வருவதும், கோடையில் வேறு நாட்டுக்குப் போவதும் இதற்கு வழக்கமில்லை. பிறந்த மலையிலேயே வளர்ந்து, அம்மலையிலேயே குஞ்சு பொரித்து, அங்கேயே மடியும். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறு எங்கும் இது கிடையாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களுக்கும் பொதுவான சொத்து என்று இதனைச் சொல்லலாம்.

இனி எல்லைகளைக் கவனிப்போம்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறிப் பாலக்காட்டுக்குச் செல்பவர் ஒன்றைக் கண்டிருப்பார். வடக்கே மலை, தெற்கே மலை, நடுவே, ஏறக்குறைய 30 அல்லது 40 கிலோமீட்டர் அகலத்துக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை அடியோடு இல்லாமற்போகிறது. கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிக்கு மேல் உயராத தாழ்ந்த நிலம். மேல்காற்று இவ்வழியே நுழைந்து கொங்குநாட்டுக்கு வீசுகிறது. வியாபாரிகளும் படைகளும் யாத்திரிகர்களும் தொன்றுதொட்டு இவ்வழியே போய் வந்தார்கள். இதுவே பாலக்காட்டுக் கணவாய். ரயில் வண்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடக்கும் இத்தூரத்தைச் சோலைக்கிளி பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்கவில்லை. உச்சியில் வாழ்ந்து பழகிய பறவைக்கு இவ்வெப்ப நிலம் கடலுக்குச் சமானம்.

ஆகையால் கணவாய்க்கு வடக்கே உள்ளது ஓர் இனம். தெற்கே உள்ளது வேறோர் இனம். வடக்கத்தியது நீலகிரியிலும், அதற்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள பிரம்மகிரி முதலிய மலைகளிலும், கர்நாடகத்தில் பாபாபூதன் மலை வரையிலும் காணப்படுகிறது. அதன் விலாப்புறம் செம்மஞ்சளாக இருக்கும். தெற்கத்தியது ஆனைமலையிலும் பழனிமலையிலும் மூணாற்று மேட்டு நிலங்களிலும் உள்ளது. அதன் விலாவில் செந்நிறம் இல்லை. நெற்றியிலும் புருவத்திலும் வெளிறிய நீலம் எடுப்பாய்த் தெரியும்.

இன்னும் தெற்கே போனால் செங்கோட்டைக் கணவாய் குறுக்கிடுகிறது. இது பத்துக் கிலோமீட்டர்கூட அகலமில்லாதது. ஆரியங்காவு வழியாய்ச் செல்லும் ரயில் பாதை இதனூடே போகிறது. இதற்கும் தெற்கே இருப்பவை அகத்தியமலை, பொதிகை, மகேந்திரகிரி முதலிய சிகரங்கள் அடங்கிய அசம்பு மலைகள். தாமிரபருணி உற்பத்தியாகும் இடம் இதுவே. தமிழ் பிறந்த மலையென்று நம் முன்னோர் போற்றிய அந்தப் பொதிகைச் சாரலில் வாழும் சோலைக்கிளியும் ஆனைமலைப் பறவையினின்றும் நெடுங்காலமாய்ப் பிரிந்து நிற்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு அசம்பு மலையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அதைத் தனி இனமென்று கொள்வதா, உள்ளினமென்று கொள்வதா என்பதில் பட்டியல் எழுதுவோரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அது நெடுங்காலமாய்ப் பிரிந்து வாழும் தனிக் கூட்டம் என்பதில் பேதம் இல்லை.

இவ்வெல்லைகளை நாம் அறிந்துகொண்டது அண்மைக் காலத்திலேதான் என்பது கவனிக்கத்தக்கது. சென்னை ராஜதானியில் வைத்தியராயிருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1840-களில் நீலகிரிப் பறவையை உலகுக்கு அறிவித்தார். 1860-களில் பழனிமலைப் பறவையை பிளான்ஃபோர்டு என்பவர் வருணித்தார். பின்வந்த நூலாசிரியர்கள் இரண்டையும் இமயமலையிலும் கீழ்நாடுகளிலும் உள்ள குட்டைச்சிறகுப் பறவைகளின் வகுப்பில் சேர்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பட்டியல்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே இனமாகவே எண்ணின. 2005-ஆம் ஆண்டில் ராஸ்முஸன், ஆண்டர்ட்டன் ஆகிய இருவர் வெளியிட்ட தென்னாசியப் பறவை நூல்தான் இரண்டையும் வெவ்வேறு இனங்களாகப் பிரித்தது. அப்பொழுதும் அவற்றுக்குக் கொடுத்த குலப்பெயர் இரவற் பெயரே.

வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் மலை மலையாக ஏறி, பறவையை வலையில் பிடித்து, துளி ரத்தம் எடுத்துக்கொண்டு மறுபடி பறக்கவிட்டு, அந்த ரத்தத்தின் மரபணுக்களை ஒத்துப் பார்த்தார்கள். கணவாய்கள்தாம் இப்பறவைகளைப் பிரித்தன என்பதை அவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நிலைநாட்டியது. 2017-ல் அவர்களும் அவர்களைச் சேர்ந்தோரும், இப்பறவைகளுக்கு உலகில் வேறெங்கும் நெருங்கிய பங்காளிகள் இல்லை என்று கண்டு, இவற்றுக்கென்றே ஒரு புதிய குலத்தை ஏற்படுத்தி, ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். சோலை என்ற நமது சொல்லோடு, வசிப்பது என்று பொருள்படும் லத்தீன் விகுதியைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. உலகத்துப் பறவை நூல்களில் இச்சொல் இனி அழியாமல் நிற்கும். சோலை அழியாமல் நிற்குமா என்பதே நமது கேள்வி.

பெயர் மாறியதால் பறவைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. பாபாபூதன் மலை முதல் மகேந்திரகிரி வரை ஒரே இனம் பரவியிருக்கிறது என்று எண்ணியபோது, ஒரு மலையில் அது குறைந்தால் அடுத்த மலையில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல இடமிருந்தது. இப்போது அச்சமாதானம் செல்லாது. நீலகிரியில் குறைந்ததை ஆனைமலை ஈடு செய்ய முடியாது. பொதிகையில் அழிந்ததைப் பழனிமலையிலிருந்து நிரப்ப முடியாது. ஒரு பெரிய ஆஸ்தியென்று நினைத்திருந்தது, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கையில், மூன்று சிறிய ஆஸ்திகள் என்று தெரியவந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நொடித்துப்போகக் கூடியது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வடக்கத்திய இனத்தையும் தெற்கத்திய இனத்தையும் ஆபத்துக்குள்ளான இனங்களின் வரிசையில் வைத்திருப்பது இதனாலேயே.

கணவாய்கள் மட்டுமே பிரிவினை செய்திருந்தால் நாம் யாரையும் குறை கூற நியாயமில்லை. அவை இயற்கை செய்த எல்லைகள். மனிதன் செய்த எல்லைகளும் அவற்றோடு சேர்ந்திருக்கின்றன. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இப்பறவையையும் சிலப்பன் என்னும் மலைப்பறவையையும் எடுத்துக்கொண்டு, ஒரே மலைத்தொகுதிக்குள் காடு துண்டுபட்ட இடங்களில் கூட்டத்துக்குக் கூட்டம் உறவு அறுபட்டு வருவதற்கு அவற்றின் மரபணுக்களிலேயே அடையாளம் கண்டது. தீவுக்குள் தீவு என்று அவர்கள் இந்நிலையை வருணித்தார்கள். கணவாய் பிரிப்பதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. கோடரியும் தோட்டமும் பிரிப்பதற்கு 150 ஆண்டுகள் போதுமானவையாயின.

இதைக் காட்டிலும் மனத்தைத் தொடுவது பாட்டைப் பற்றிய செய்தி. 2016-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஆறு கூட்டங்களைச் சேர்ந்த 38 பறவைகள் பாடிய 835 பாட்டுகளைப் பதிவு செய்து ஒத்துப் பார்த்தார்கள். பழைய கணவாய்களுக்கு இருபுறமும் உள்ளவற்றின் பாட்டு வேறுபட்டிருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. காடு வெட்டப்பட்டதால் அண்மையில் பிரிந்த கூட்டங்களிடையேயும் சில நுட்பமான குரல் வேறுபாடுகள் தென்பட்டன. இவை பிறப்பால் வந்தவையல்ல, குஞ்சுகள் மூத்தவற்றைக் கேட்டுக் கற்பதால் வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். போக்குவரத்து நின்ற இரண்டு ஊர்களில் பேச்சு வழக்கு மாறிப்போவதை நாம் அறிவோம். அதற்கு ஒப்பானது இதுவும். ரத்தம் வேறாகும் முன்னரே பாட்டு வேறாகிவிட்டது.

இம்மலைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் ஸல்லிவன் நீலகிரிமேல் ஏறினார். அதற்கு முன்னரே தோதவர், கோத்தர், படகர் முதலிய மக்கள் அங்கே வாழ்ந்துவந்தனர். தோதவரின் எருமைகள் புல்வெளியில் மேய்ந்தன, சோலைகள் நின்றன. வந்தவர்களின் கண்ணுக்குச் சோலை விறகாகவும், புல்வெளி வீணாய்க் கிடக்கும் நிலமாகவும் தோன்றியது. உதகமண்டலத்தில் கட்டடங்கள் பெருகின. அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் அருகிலுள்ள சோலைகள் வெட்டுண்டன. விறகுப் பஞ்சம் வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும், சீகை என்று மலைமக்கள் சொல்லும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். காப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் சரிவுகளை ஆக்கிரமித்தன.

அந்நியன் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியுமானால் சௌகரியமாகவே இருக்கும். உண்மை அதற்கு இடந்தரவில்லை. 1947-க்குப் பின்னர் நமது சர்க்காரே சீகையையும் கற்பூர மரத்தையும் முன்னிலும் பெரிய அளவில் நட்டது. தோல் பதனிடச் சீகைப்பட்டை வேண்டியிருந்தது. சிறுமுகையில் எழுந்த செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. குந்தாத் திட்டத்தின்கீழ் அணைகள் எழுந்து, மின்சாரம் வந்தது. பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. இவற்றில் பல அக்காலத்துக்கு அவசியமாகத் தோன்றியவை. நாட்டில் தொழில் பெருக வேண்டும், கிராமத்தில் விளக்கெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்தவை. எண்ணத்தைக் குறை கூறுவது நமது கருத்தன்று. மலையின் கணக்கை வெள்ளைக்காரன் எழுதிய ஏட்டிலிருந்தே நாமும் படித்தோம் என்பதையே சொல்கிறோம். அவன் தரிசு என்று எழுதியதை நாமும் தரிசு என்றே வாசித்தோம்.

விளைவு என்ன? பழனிமலையைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வானிலிருந்து செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு, 1973 முதல் சுமார் நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. மரத்தோட்டங்களும் பயிர்நிலமும் அதன் இடத்தைப் பிடித்தன. இந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு நாளாவது இம்மலையில் வெள்ளைக்காரன் ஆட்சி இருந்ததில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

புல்வெளிதானே போயிற்று, சோலைக்கிளிக்கு வேண்டியது காடு அல்லவா, மரம் நட்டது நல்லதுதானே என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் மேலோட்டமானது. நட்ட மரமெல்லாம் காடாகாது. ஒரே வயதுள்ள கற்பூர மரங்கள் வரிசையாய் நிற்கும் இடத்தில் சோலையின் ஈரமும் இருளும் பாசியும் உதிரிலையும் இல்லை. சீகை ஓரிடத்தில் நின்று பிழைக்கும் மரமும் அல்ல. அதன் விதை ஆண்டுக்கணக்காய் மண்ணில் கிடந்து, தீப்பட்டால் ஒருசேர முளைத்துப் பரவும். புல்வெளி என்பது காடு அழிந்து உண்டான நிலம் என்ற எண்ணமும் தவறு. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட முடிவு, இம்மலையில் 20,000 ஆண்டுகளாகப் புல்லும் காடும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன என்று காட்டுகிறது. புல்வெளி மழைநீரைப் பிடித்து ஓடைக்கு மெல்ல விடுகிறது. ஓடை சோலையை ஈரமாய் வைக்கிறது. புல் வரையாட்டுக்கு, சோலை இப்பறவைக்கு. ஒன்றின் செலவில் மற்றொன்றை வளர்க்கப் புகுவது இரண்டையும் இழப்பதாகவே முடியும்.

இன்னொரு வாதமும் உண்டு. அதை நாம் மதிக்கிறோம். ஒரு குருவிக்காக ஏழைத் தேயிலைக்காரனையும் விறகு சுமப்பவளையும் வஞ்சிக்கலாமா என்பது அது. வஞ்சிக்கலாகாது என்பதே நமது பதில். மலைமக்களை விரட்டிவிட்டு மலையைக் காப்பது தர்மமும் அன்று, சாத்தியமும் அன்று. ஆனால் சோலை யாருக்காக நிற்கிறது என்று யோசிக்க வேண்டும். பவானிக்கும் அமராவதிக்கும் தாமிரபருணிக்கும் தலைநீர் இம்மலைகளிலிருந்து வருகிறது. ஈரோட்டு மஞ்சளும் கரூர்ப் பாசனமும் திருநெல்வேலி நெல்லும் அந்நீரை நம்பியிருக்கின்றன. சோலைக்கிளி இருக்கும் பள்ளத்தில் ஓடை உண்டு, ஈரம் உண்டு, மண் அரியாத சரிவு உண்டு. அப்பறவை பாடாமற்போன இடத்தில் இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறதா என்று விசாரிக்க முகாந்திரம் உண்டு. ஊர்க் கணக்கப்பிள்ளை எழுதாத அடங்கலை இச்சிறு பறவை எழுதிக்கொண்டிருக்கிறது. வாசிக்க நமக்குத்தான் பயிற்சி போதாது.

மேலும், இப்போது புதிதாய் ஓர் ஆபத்து சேர்ந்திருக்கிறது. உலகம் சூடேறி வருகிறது. அடிவாரத்தில் வாழும் பிராணி குளிர்ச்சியைத் தேடி மேலே ஏறலாம். உச்சியில் வாழ்வது எங்கே ஏறும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். அகத்தியமலையோ 2,000 மீட்டரையும் எட்டாது. அதற்கு மேல் ஆகாயமே. ஆகவே, கைவசமுள்ள சோலைகளில் ஒன்றைக்கூடக் கைவிட நமக்கு வசதியில்லை. பொதிகையின் பறவைக்கு இது பன்மடங்கு பொருந்தும்.

செய்யவேண்டியது என்ன? நம் சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. 2013-ல் கொடைக்கானல் மலைப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அயல்நாட்டுக் களைமரங்களை அகற்றி இயற்கைக் காடுகளை மீட்பதற்கென்று 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கை வகுத்தது. நமது மாநில விலங்காகிய வரையாட்டைக் காக்க 2023-ல் தனித் திட்டம் தொடங்கியது. இவையனைத்தும் வரவேற்கத்தக்கவை. இவற்றை நிறைவேற்றும் முறையைக் குறித்து நாம் மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, கணக்கு மலைவாரியாக இருக்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து இத்தனை சதுர கிலோமீட்டர் காடு என்று சொல்லும் புள்ளிவிவரம் சோலைக்கிளிக்கு உதவாது. நீலகிரியில் எத்தனை சோலைகள், ஆனைமலையில் எத்தனை, பொதிகையில் எத்தனை, அவற்றில் எவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, எவை தனித்துப்போனவை, எவற்றில் இப்பறவை பாடுகிறது என்று பெயர் பெயராக எழுதிய பதிவேடு வேண்டும். ஒரு கிராமத்தின் சர்வே எண்ணையும் எல்லைக்கல்லையும் துல்லியமாய் எழுதத் தெரிந்த நாட்டில் இது ஆகாத காரியமன்று.

இரண்டாவது, களைமரத்தை அகற்றுவதிலும் இடமறிந்து நடக்க வேண்டும். புல்வெளியில் புதிதாய் ஏறிவரும் சீகையைத் தாமதமின்றிப் பிடுங்குவது சரி. ஆனால் பழைய மரத்தோட்டங்கள் சிலவற்றின் நிழலில், பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொணர்ந்த விதைகள் முளைத்து, சோலைக்கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருவதைப் பழனிமலையில் கண்டிருக்கிறார்கள். அங்கே இயந்திரத்தைக் கொண்டு ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால், கன்றுகளும் சேர்ந்து அழியும். வெறும் மண்ணில் சீகையே மறுபடி முளைக்கும். இரண்டு சோலைகளுக்கு நடுவே உள்ள அத்தகைய இடங்களைப் பொறுமையோடு விட்டுவைத்தால், துண்டுபட்ட கூட்டங்கள் மீண்டும் ஒன்றையொன்று அடைய வழி பிறக்கலாம். அதைப் போலவே, மரம் நடு விழா என்ற பெயரில் புல்வெளியில் குழி தோண்டுவதும் நிறுத்தப்பட வேண்டும். நல்ல காரியம் என்று பெயர் பெற்றதெல்லாம் எல்லா இடத்துக்கும் நல்லதாகிவிடாது.

மூன்றாவது, இது அதிகாரிகளால் மட்டும் முடியும் வேலையன்று. நமது அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான தொண்டர்கள் நாடு முழுவதையும் சதுரம் சதுரமாய்ப் பிரித்துக்கொண்டு, மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் சென்று, கண்ட பறவையைக் கண்ட இடத்தில் பதிவு செய்து, மாநிலத்துக்கே ஒரு பறவைப் படத்தொகுதியைத் தயாரித்தார்கள். பள்ளி ஆசிரியர்களும் வைத்தியர்களும் மாணவர்களும் அதில் உழைத்தார்கள். அவ்வேலைக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. காதும் கண்ணும் நேர்மையும் வேண்டும். பறவை இல்லாத இடத்தை இல்லை என்று எழுதும் நேர்மை முக்கியமானது. இருந்ததை எழுதுவோர் பலர். தேடியும் காணவில்லை என்று எழுதுவோர் சிலரே. எல்லையை நிர்ணயிப்பது அந்த இரண்டாவது வகைச் சாட்சியம்தான்.

நமது வாலிபர் சங்கங்களும் வாசகசாலைகளும் உதகை, குன்னூர், வால்பாறை, கொடைக்கானல், அம்பாசமுத்திரம் முதலிய ஊர்களில் இவ்வேலையை மேற்கொள்ளலாம். வருஷத்தில் நான்கு விடியற்காலைகளை ஒதுக்கினால் போதும். காட்டிலாகாவின் அனுமதி பெற்று, குறித்த பாதையில் நடந்து, குறித்த இடத்தில் நின்று, கேட்டதை எழுதி வரட்டும். கூட்டைத் தேடிப் புதரைக் கலைக்க வேண்டாம். படம் பிடிப்பதற்காகப் பதிவு செய்த பாட்டை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து பறவையை அலைக்கழிக்க வேண்டாம். மலைமக்களைக் கூட்டாளிகளாகக் கொண்டால் பாதி வேலை முடிந்ததாகும். அவர்களுக்குத் தெரிந்த சோலைகளின் பெயர்களில் பல இன்னும் எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறவில்லை.

அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டின் உரிமைக்காக வாதாடுவோர் நாட்டின் எல்லைகளை அறிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அவ்வெல்லைகள் ஜில்லாக்களும் தாலுகாக்களும் மட்டுமல்ல. பஞ்சாயத்திலோ நகரசபையிலோ சட்டசபையிலோ மலைநிலத்தைப் பற்றிய பேச்சு வரும்போது, எந்த மலை, எந்தச் சோலை, அங்கே என்ன வாழ்கிறது, வேறெங்கேனும் அது வாழ்கிறதா என்று நான்கு கேள்விகள் கேட்கத் தெரிந்த பிரதிநிதி ஒருவர் இருந்தால், பின்னர் நூறு வழக்குகள் போடவேண்டிய அவசியம் இராது. பாதை அமைப்பதற்கும் விடுதி கட்டுவதற்கும் மாற்றிடம் கிடைக்கும். பொதிகைச் சோலைக்கு மாற்றிடம் கிடையாது.

ஓட்டு இல்லை, பட்டா இல்லை, வக்கீல் இல்லை என்பதால் ஒரு பிராணியின் அனுபோக பாத்தியதை இல்லாமற்போய்விடாது. லட்சக்கணக்கான ஆண்டுகளாய் இடைவிடாது அனுபவித்து வந்த நிலம் அது. அதற்குமேல் மூத்த பாத்தியதை நமக்கு எவருக்கும் இல்லை. அந்த நிலத்தின் நான்கெல்லையைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பது, அதன் பக்கத்தில் குடியேறிய நமது கடமை. வரும் கோடைக்கு முன் அவ்வேலை ஒவ்வொரு மலையிலும் ஆரம்பமாகட்டும்.